கேபிளைக் குத்தினால் போதும்

உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் உயர்தர மாணவர்களுக்கு ஐசிடி சொல்லிக்கொடுக்கிறேன். வலையமைப்பைப் பலகையில் படம் கீறிக் காட்டினால் பெடியளுக்கு ஏறாது. அதனால் ராஸ்பெரி பை ஸீரோ டபிள்யூ என்ற சின்னக் கணினிகள் சில வாங்கி வைத்திருக்கிறேன். ஆளுக்கொன்று கையில் கொடுத்து, அவரவர் லப்டொப்பில் குத்தி, உள்ளே எஸ்எஸ்எச் (வலையமைப்பு வழியே இன்னொரு கணினிக்குள் போய்க் கட்டளை கொடுக்கும் முறை) வழியாக நுழைந்து பைத்தன் எழுதச் சொல்வேன். திரை, கீபோர்ட், வைஃபை எதுவும் தேவையில்லை. ஒரு யூஎஸ்பி கேபிள் போதும், அதன் வழியே பை லப்டொப்புக்கு ஒரு நெட்வேர்க் அட்டைபோலத் தெரியும். மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. மாரி மழைக்குக் கரண்ட் நின்று ரவுட்டர் செத்துப்போனாலும் லப்டொப்பில் பட்டரி இருக்கும் வரை வகுப்பு நடக்கும்.

சொல்லச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் கொண்டுவருவது நான் தெரிவு செய்த லப்டொப் இல்லை. அண்ணன் பாவித்துவிட்டுக் கொடுத்த விண்டோஸ் 10, புதிதாக வாங்கிய விண்டோஸ் 11, ஒருவரிடம் உபுண்டு லினக்ஸ், சித்தி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மக்புக் ஒன்று. சிலதுக்கு அட்மின் கடவுச்சொல் அப்பாவிடம் இருக்கும். அப்பா கடலுக்குப் போயிருப்பார். ஆகவே நான் வைத்திருக்கும் சட்டம் இதுதான்: பிள்ளையின் லப்டொப்பில் ஒரு டிரைவர்கூட (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) நிறுவக்கூடாது. மாற வேண்டியது பை, லப்டொப் அல்ல.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் இரண்டு வரியோடு முடிந்துவிடும். பையின் கான்ஃபிக் கோப்பில் டிடபிள்யூசி2 ஓவர்லேயை (பையை யூஎஸ்பி சாதனமாக நடக்கவிடும் அமைப்பு) சேர், கேர்னல் (இயங்குதளத்தின் கரு) வரியில் ஜி_ஈதர் மொடியூலை (பையை நெட்வேர்க் அட்டையாகக் காட்டும் துண்டு) ஏற்று, முடிந்தது. லினக்ஸில் உண்மையிலேயே முடிந்துவிடும். விண்டோஸ் 10-இல்தான் கதை தொடங்கும்.

"சேர், என்ட லப்டொப்ல கொம் போட் எண்டு வருது."

டிவைஸ் மனேஜரைத் திறந்தால் நெட்வேர்க் அடப்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. கீழே போர்ட்கள் பகுதியில் 'யூஎஸ்பி சீரியல் டிவைஸ்' என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். இதற்குக் காரணம், யூஎஸ்பி சாதனம் செருகப்பட்டதும் தன்னைப் பற்றிச் சொல்லும் வகுப்பு எண்கள். ஜி_ஈதர் தன் ஆர்என்டிஐஎஸ் (யூஎஸ்பி வழியே நெட்வேர்க் பேசும் மைக்ரோசொஃப்ட் முறை) இடைமுகத்தை வகுப்பு 02, துணைவகுப்பு 02 என்று அறிவிக்கிறது. பழைய மோடம்களும் அதே எண்ணைத்தான் சொல்லும். விண்டோஸ் 10-உடன் வரும் சீரியல் டிரைவர் அந்த எண்ணைக் கண்டதும் "இது என்னுடையது" என்று பிடித்துக்கொள்கிறது. வேறு டிரைவரைக் கையால் தெரிவு செய்து மாற்றலாம்தான், ஆனால் அட்மின் வேண்டும். அதாவது கடலுக்குப் போன அப்பா வேண்டும்.

விண்டோஸுக்குப் புரியும்படி பை தன்னை அறிமுகப்படுத்த ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் ஒரு புதிய சாதனத்தைக் கண்டால், வழக்கமான கேள்விகளோடு ஈஈ என்ற பதினறும எண்ணில் ஒரு சரத்தையும் கேட்டுப்பார்க்கும். அதற்கு 'எம்எஸ்எஃப்டி100' என்று பதில் வந்தால், "ஓ, இதற்கு என் பாஷை தெரியும்" என்று எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகும்: நீ எதற்கு ஒத்துப்போவாய்? அங்கே 'ஆர்என்டிஐஎஸ்' என்றும், துணை அடையாளமாக '5162001' என்றும் சொல்ல வேண்டும். சொன்னால் விண்டோஸ் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஆர்என்டிஐஎஸ் 6.0 டிரைவரைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும். இணையமும் வேண்டாம், அட்மினும் வேண்டாம்.

இதை ஜி_ஈதரை வைத்துக்கொண்டு செய்வதைவிட, அதை விட்டுவிட்டு சாதனத்தை நாமே கோத்து அமைக்கவிடும் லிப்கொம்பொசிட் மொடியூலுக்கும், அந்த அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் கான்ஃபிக்எஃப்எஸ்ஸுக்கும் மாறுவது நல்லது. கேஜெட்டின், அதாவது பை தன்னைக் காட்டிக்கொள்ளும் யூஎஸ்பி சாதனத்தின், ஒவ்வொரு பண்பும் அங்கே ஒரு சின்னக் கோப்பு. கோப்புறை உருவாக்கி, உள்ளே எழுதி, கடைசியில் யூடிசி என்ற கோப்பில் யூஎஸ்பி கட்டுப்படுத்தியின் பெயரை எழுதினால் கேஜெட் உயிர் பெறும். அந்த 'எம்எஸ்எஃப்டி100' பதில் இருக்கும் ஓஎஸ்_டெஸ்க் கோப்புறையை முதல் கொன்ஃபிகரேஷனோடு (சாதனம் இயங்கக்கூடிய ஓர் அமைப்பு) இணைப்பதற்கு ஒரு சிம்பொலிக் லிங்க் (கோப்புறைக்கான சுட்டி) வேண்டும். பலர் தடுக்கி விழுவது அந்த லிங்க்கில்தான். அது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் விண்டோஸ் ஒன்றையும் கண்டுகொள்ளாது, பிழைச் செய்தியும் வராது.

அதைவிட மோசமான பொறி விண்டோஸின் ஞாபகசக்தி. ஒரு சாதனம் அந்த ஈஈ கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்றால், அதை ரெஜிஸ்ட்ரி என்ற தன் அமைப்புக் களஞ்சியத்தில் யூஎஸ்பிஃபிளாக்ஸ் என்ற இடத்தில் குறித்துவைத்துக்கொள்ளும். தயாரிப்பாளர் எண், பொருள் எண், பதிப்பு எண் மூன்றும் சேர்ந்ததுதான் அந்தக் குறிப்பின் பெயர். பிறகு பையை எவ்வளவு திருத்தினாலும் அந்த லப்டொப் மறுபடி கேட்கவே கேட்காது. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள், அது என் சட்டத்துக்கு விரோதம். பையில் பிசிடிடிவைஸ் என்ற பதிப்பு எண்ணை ஒன்று கூட்டிவிட்டால் விண்டோஸுக்கு அது புதிய சாதனம். கேள்விகளை முதலிலிருந்து கேட்கும். இணைப்பின் தன்மையை மாற்றும் ஒவ்வொரு முறையும் நான் இந்த எண்ணைக் கூட்டிவிடுகிறேன்.

சரி, விண்டோஸ் அடங்கிவிட்டது. மக்புக்கோ ஆர்என்டிஐஎஸ்ஸைக் கணக்கிலேயே எடுக்காது. அதற்குச் சிடிசி இசிஎம் என்ற வேறு நெட்வேர்க் முறை வேண்டும். ஒரே கேஜெட்டில் இரண்டு கொன்ஃபிகரேஷன் வைத்தேன்: முதலாவது ஆர்என்டிஐஎஸ், இரண்டாவது இசிஎம். விண்டோஸ் முதலாவதைத்தான் பார்க்கும், ஆகவே வரிசை முக்கியம். மக் தனக்குத் தெரிந்த இரண்டாவதை எடுக்கும். லினக்ஸ் இரண்டையும் பேசும் என்றாலும், கேர்னலிலேயே முதலில் வரும் ஆர்என்டிஐஎஸ்ஸைத் தாண்டி அடுத்ததைத் தேடும்படி எழுதியிருக்கிறார்கள். கேர்னல்காரருக்கு ஆர்என்டிஐஎஸ்மேல் பெரிய மரியாதை இல்லை, எனக்கும் இல்லை. பை பக்கத்தில் இதனால் யூஎஸ்பி0, யூஎஸ்பி1 என்று இரண்டு இடைமுகம் வரும். எது வேலை செய்யும் என்று முன்கூட்டித் தெரியாது. இரண்டையும் ஒரு பிரிட்ஜில் (இடைமுகங்களை ஒன்றாக்கும் மென்பொருள் பாலம்) போட்டு, ஐபி முகவரியைப் பிரிட்ஜுக்குக் கொடுத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

விண்டோஸ் 11 வந்த பிறகு இதைவிடச் சுத்தமான வழி ஒன்று உண்டு. சிடிசி என்சிஎம் என்ற இன்னொரு முறைக்கான டிரைவர் அதற்குள்ளேயே இருக்கிறது, மக்கிலும் லினக்ஸிலும் இருக்கிறது. ஒரே ஒரு ஃபங்ஷன், ஒரே கொன்ஃபிகரேஷன், வித்தை எதுவும் தேவையில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபரில் நிறுத்திவிட்டதே என்பீர்கள். நிறுத்தியது மைக்ரோசொஃப்ட், திருகோணமலையில் யாரும் லப்டொப்பை நிறுத்தவில்லை. ஆகவே இரண்டு கொன்ஃபிகரேஷன் இன்னும் கொஞ்சக் காலம் இருக்கும்.

அப்புறம் மக் முகவரி. இது ஆப்பிள் மக் இல்லை, நெட்வேர்க் அட்டையின் வன்பொருள் முகவரி. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கேர்னல் எழுந்தமானமாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். தினமும் வேறு பெயர் சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைக்கு இடாப்பில் புதுப்புது வரி போடுவதுபோல, லப்டொப் ஒவ்வொரு முறையும் புதிய நெட்வேர்க் ஒன்றைப் பதியும். விண்டோஸில் 'நெட்வேர்க் 14' வரை போன லப்டொப்பைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இது பொதுவா தனிப்பட்டதா என்று வேறு கேட்டுக்கொண்டிருக்கும். பையின் தொடர் எண்ணிலிருந்து முகவரியைக் கணித்து, தொடக்கத்தில் 02 போட்டுவிட்டேன். அது உள்ளூரில் ஒதுக்கிய முகவரி என்பதற்கான அடையாளம், எந்தக் கொம்பனியின் எண்ணோடும் மோதாது. லப்டொப் பக்கத்துக்கு ஒன்று, பை பக்கத்துக்கு ஒன்று, இரண்டும் வேறாக இருக்க வேண்டும். அதே தொடர் எண்ணை யூஎஸ்பி தொடர் எண்ணாகவும் கொடுத்தால், வலது பக்கத் துளையில் குத்தியதை இடது பக்கத்தில் குத்தினாலும் விண்டோஸ் அதே சாதனம் என்று அறியும்.

மிச்சம் ஐபி. பையில், லப்டொப்புக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க் ஓடுகிறது, 10.77.0.1 பையினுடையது. வீட்டு ரவுட்டர்கள் 192.168 என்று தொடங்குவதால் அந்தப் பக்கம் போகவில்லை. இங்கே விட்டுவிடக்கூடாத ஒரு வரி இருக்கிறது: டிஎச்சிபி (முகவரி வழங்கும் முறை) தெரிவு 3-ஐ, அதாவது வெளியே போகும் வாசலின் முகவரியை, வெறுமையாக வைப்பது. அப்படிச் செய்யாவிட்டால் பை "நான்தான் வாசல்" என்று லப்டொப்பிடம் சொல்லிவிடும். லப்டொப் கேபிளை வைஃபையைவிட மேலாக மதிக்கும். உடனே இணையம் நின்றுபோகும், பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். தெரிவு 6, அதாவது டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும் சேவை), அதையும் வெறுமையாக வைக்கிறேன்.

இவ்வளவு செய்தும் "ஒன்றும் வரவில்லை சேர்" என்றால், மென்பொருளைத் தொட முன் கேபிளைப் பாருங்கள். மத்திய வீதியில் மலிவாக வாங்கிய கேபிள்களில் பாதி, சார்ஜ் மட்டும் போகிறவை. உள்ளே டேட்டா வயர் இரண்டும் இருக்காது. பையில் விளக்கு எரியும், லப்டொப் எதையும் காணாது. இரண்டாவது, துளை: பை ஸீரோவில் ஓரத்தில் இருப்பது மின்சாரத்துக்கு மட்டும், உள்பக்கமாக இருப்பதில்தான் டேட்டா. மூன்றாவது எங்கள் ஊர் வியாதி. கடற்கரையிலிருந்து வீடு கூப்பிடு தூரம், உப்புக்காற்றில் கனெக்டர் முனைகள் பச்சை பிடித்துவிடும். வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு சிலிக்கா ஜெல் பைக்கட் ஒன்றும் வைக்கிறேன்.

கேஜெட் பக்கத்திலிருந்து என்னால் தீர்க்க முடியாதது ஒன்றே ஒன்று. ஆப்பிள் சிலிக்கன் மக்புக்குகளில், 2022-இல் வந்த மக்ஓஎஸ் வென்சுராவிலிருந்து, புதிய யூஎஸ்பி சாதனத்தைக் குத்தினால் அனுமதிக்கவா என்று ஒரு பெட்டி எழும். அதைத் தவிர்க்க பையில் எதையும் எழுத முடியாது. 'அனுமதி' என்பதை அழுத்துங்கள், பிறகு டெர்மினலைத் திறந்து 10.77.0.1-க்கு எஸ்எஸ்எச் போடுங்கள்.