சாட்சி சொல்ல வந்த இறைவன்

கார்த்திகைச் சோமவாரக் காலையில் கும்பகோணத்திலிருந்து திருப்புறம்பியம் செல்லும் பேருந்தில், முன்னிருக்கைப் பெரியவர் ஒருவர், கலி முற்றிவிட்டது என்றும், பெற்றவர்களைப் பிள்ளைகள் முதியோர் இல்லத்தில் விடுவதும் உடன்பிறந்தோர் ஒரு முழ மண்ணுக்காக நீதிமன்றப் படியேறுவதும் பிரளயத்துக்கான அறிகுறிகளே என்றும் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் தலையசைத்தேன். பிறர் பாவத்துக்குத் தலையசைக்க எந்தத் தகுதியும் வேண்டியதில்லை.

பிரளயத்துக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. யுக முடிவில் பொங்கிய வெள்ளம் ஊருக்குள் புகாமல் புறத்தே நின்றதால்தான் புறம்பியம் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அந்த வெள்ளத்தைத் தடுத்தவர் பிரளயம் காத்த விநாயகர். கிளிஞ்சல், சங்கு, கடல்நுரை ஆகியவற்றால் ஆனதாகச் சொல்லப்படும் அவருடைய திருமேனிக்கு விநாயகர் சதுர்த்தி இரவில் மட்டும் தேனபிஷேகம் நடக்கிறது. விடிய விடிய ஊற்றும் தேன் முழுவதும் திருமேனிக்குள்ளேயே சுவறிவிடுகிறது என்பது அடியார்களின் நம்பிக்கை.

ஆனால் என்னை இத்தலத்துக்கு அழைத்து வந்தது பிரளயம் அன்று. சாட்சிநாதர் என்னும் மூலவரின் திருநாமம். பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களில் இறுதியானது இந்த ஊரில் தொடங்குகிறது. மணம் பேசிய பெண்ணை அழைத்துக்கொண்டு மதுரைக்குச் செல்லும் வணிகன் இங்கே இரவு தங்கியபோது பாம்பு தீண்டி இறக்கிறான். பெண்ணின் அழுகுரல் கேட்ட திருஞானசம்பந்தர் அவனை உயிர்ப்பித்து, வன்னி மரமும் கிணறும் இலிங்கமும் சாட்சியாக அங்கேயே திருமணம் செய்து வைக்கிறார். பின்னர் மதுரையில் அவனுடைய மூத்த மனைவி, இவளை முறையாக மணந்தவள் அல்லள் என்று இழித்துப் பேசி, சாட்சி எங்கே என்று கேட்கிறாள். இளையவள் சொக்கநாதரிடம் முறையிட, அந்த மூன்றும் மதுரைக் கோயிலில் வந்து நின்றன.

இந்தக் கதையில் இறைவன் தண்டனை எதையும் விதிக்கவில்லை என்பது பிராகாரத்தை வலம் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. பழி சொன்னவளை விலக்கிவிடக் கணவன் முற்பட்டபோது இளையவளே தடுத்தாள். என் கற்பை ஊரறியச் செய்தவள் இவள்தானே என்று பரிந்து பேசினாள். உண்மையைச் சொல்வதோடு தெய்வத்தின் வேலை முடிந்துவிட்டது.

பேருந்தில் தலையசைத்த நானும் ஒரு சாட்சிதான். பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் நிலக் கிரயத்தில், தொகை முழுவதும் என் கண்முன் கொடுக்கப்பட்டதாகச் சாட்சிக் கையெழுத்திட்டேன். கொடுத்ததை நான் பார்க்கவில்லை. பத்திரத்தைப் படிக்கவும் இல்லை. பாதித் தொகைதான் கைக்கு வந்தது என்று விற்ற மூதாட்டி சொன்னபோது, அது அவர்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது என்று ஒதுங்கிக்கொண்டேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. காலம் கெட்டுவிட்டது என்று நாம் சொல்லும் காலத்தில், நம்முடைய கையெழுத்தும் எங்கோ ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது.

அம்பாளுக்கு இங்கே கரும்பன்ன சொல்லியம்மை என்று பெயர். கரும்பைப் போன்ற சொல்லை உடையவள். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் அந்தத் திருநாமத்தை ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டு, என் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். பத்திரத்தில் எழுதிய அதே பெயர்தான். அதைச் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.