குரூப் பி என்று எழுதினால் போதுமா?

சிங்கப்பூரில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் புதிதல்ல. மகப்பேறு வார்டுக்கு அது பச்சிளங்குழந்தைகளின் கிருமி. இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் எங்கள் கல்ச்சர் பாட்டில்களிலோ அது பெரும்பாலும் வயதானவர்களிடமிருந்துதான் வரும். சர்க்கரை, காலில் ஆறாத புண், சிறுநீர்த் தொற்று என்று விண்ணப்பத் தாளிலேயே காரணம் இருக்கும்.

2015இல் பலருக்கு அந்தக் காரணம் கிடைக்கவில்லை. முதுகெலும்பில் சீழ், மூட்டில் சீழ், மூளைக்காய்ச்சல். ஆனால் அதுவரை நன்றாக நடமாடியவர்கள், சர்க்கரைகூட இல்லை. "மறுபடியும் குரூப் பியா?" என்று வார்டு டாக்டர் ஃபோனில் கேட்பார். அதேதான். கிருமி வளர்க்கும் ஆட்டு இரத்த அகார் தட்டில் சாம்பல் நிறக் காலனி (கிருமித் திட்டு), சுற்றிலும் மெல்லிய தெளிந்த வளையம். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமியின் கோட்டுக்குச் செங்குத்தாக இதை இழுத்தால், இரண்டும் நெருங்கும் இடத்தில் அம்புமுனை வடிவம். பெனிசிலினுக்குக் கட்டுப்படும். தட்டில் வேறெதுவும் தெரியாது. கிருமியின் மேலுறையை வைத்துப் பிரிக்கும் வகையும் கைகொடுக்கவில்லை. இது III என்றால், குழந்தைகளைத் தாக்குவதில் பேர்போன எஸ்டி17 என்ற மரபணு வகையும் அதே III தான்.

வித்தியாசம் மரபணுவில் இருந்தது. ஏழு அடிப்படை மரபணுக்களை வைத்துக் கொடுக்கும் எஸ்டி எண் திரும்பத் திரும்ப 283 என்றே வந்தது. முழு மரபணுத்தொகையைப் படித்தபோது அவை மிக நெருங்கிய உறவு என்பதும் தெரிந்தது. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் ஒரே கிருமி என்றால், எல்லோரும் எதையோ பொதுவாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். அது அங்காடிக் கடைகளில் கஞ்சியோடு தரும் பச்சை நன்னீர் மீன்: சோங், தோமான். குரூப் பி உணவு வழியாக இப்படிப் பரவியதாக அதற்குமுன் பதிவே இல்லை. குடலில் சும்மா கிடக்கும் கிருமி என்றுதான் நாங்கள் படித்திருந்தோம். டிசம்பரில் உணவுக்கடைகளில் பச்சை நன்னீர் மீனுக்குத் தடை வந்தது.

எஸ்டி283 அந்த வருடம் முளைத்ததும் அல்ல. ஹாங்காங்கில் 1990களிலேயே மனிதர்களிடம் இருந்தது. அப்புறம் தாய்லாந்து, வியட்நாம், மலேசியாவில் நோயுற்ற திலாப்பியா மீன்களிலும் அகப்பட்டது. அதனால் வயதானவர் இரத்தத்தில் குரூப் பி வந்தால், "சர்க்கரை இருக்கிறது, சரி" என்று முடித்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது. பச்சை மீன் சாப்பிட்டாரா, அண்மையில் எங்கே போய் வந்தார் என்று கேட்கச் சொல்வேன். சில டாக்டர்களுக்கு எரிச்சல்தான். மருந்து மாறப்போவதில்லையே என்பார்கள். அது உண்மை. ஆனால் அடுத்த தட்டு பச்சை மீன் சாப்பிடப்போகிறவருக்கு அந்தக் கேள்வி உதவும். காலனியையும் மைனஸ் 80 டிகிரியில் எடுத்து வைத்துவிடுவேன், வகை பார்க்க யாராவது கேட்கும்போது கிருமி கையில் இருக்க வேண்டுமே.