கண்ணை மூடாத யோகா

அன்று காலை பச்சைத் தேயிலை எடைச்சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் எனக்குக் கணக்கு வேலை. கீபோர்டு மேல் இருந்த இரண்டு கைகளும் திடீரென்று என்னுடையவையாகத் தெரியவில்லை. வலி இல்லை, மரத்தும் போகவில்லை. விரல்கள் எண்களைச் சரியாகத்தான் தட்டின. யாரோ இரவல் கொடுத்துவிட்டுப் போன கைகள் மாதிரி இருந்தன, அவ்வளவுதான். சூப்பர்வைசர் அண்ணன் ஏதோ கேட்டார், நான் பதிலும் சொன்னேன். அந்தப் பதில், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்குமே, அப்படிக் கேட்டது. லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழும். ஆனால் பேசுவது நம் வீட்டில் இல்லை.

பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் மூன்று தடவை வந்தது. ஒரு மாதத்தில், வராத நாளைத்தான் எண்ண வேண்டியிருந்தது. பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அம்மா காத்து கருப்பு என்று முடிவு செய்து, மாரியம்மன் கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிற்றை வலது மணிக்கட்டில் கட்டினார். மூன்று முடிச்சு. அந்தக் கயிறு பிற்பாடு நன்றாகவே உதவியது, அம்மா நினைத்த விதத்தில் இல்லாவிட்டாலும்.

கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர், "டென்ஷன்தான், யோகா பண்ணு" என்று ஒரு சாயங்கால வகுப்புக்குக் கூட்டிப்போனார். அங்கே நடந்ததைச் சொன்னால்தான் மற்றது புரியும். முதலில் கபாலபாதி, மூச்சை வெளியே தள்ளும் பயிற்சி, வேக வேகமாக. அப்புறம் விளக்கை அணைத்து, கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, கால் விரலிலிருந்து ஒவ்வொரு உறுப்பாக "இது என்னுடையது இல்லை, இந்த உடம்பை மறந்துவிடுகிறேன்" என்று நினைக்கச் சொன்னார் மாஸ்டர். மற்றவர்கள் நிம்மதியாகக் குறட்டை விட்டார்கள். எனக்கோ ஏற்கெனவே பாதி மறந்த உடம்பு! எழுந்தபோது பஸ் ஸ்டாண்டு, பூக்கடை, டீக்கடை எல்லாமே வெட்டி ஒட்டிய அட்டை மாதிரி இருந்தன. அன்று ராத்திரி முழுக்க அது விடவில்லை. மாஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். என் பிரச்சினை என்ன என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். தைராய்டு பார்த்தார், மூளை அலை எடுக்கும் இஇஜி எடுக்கச் சொன்னார். சில வகை வலிப்புகூட இப்படித் தோன்றவைக்குமாம், அதனால். இரண்டும் சரியாகவே இருந்தன. இதன் பெயர் டிஸ்ஸோசியேஷன் என்றார். தன் உடம்பே அந்நியமாவது டிபெர்சனலைசேஷன், சுற்றியுள்ள உலகம் நிஜமில்லாததுபோல் ஆவது டிரியலைசேஷன், எனக்கு இரண்டும். "கை உங்களுடையது இல்லைன்னு நம்புறீங்களா, அப்படித் தோணுதா?" என்று கேட்டார். தோன்றுகிறது என்றேன். அந்த வித்தியாசம் தெரிகிறவரை இது பைத்தியம் இல்லை என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு மாதப் பயம் போனது. இதற்கென்றே தனி மருந்து கிடையாது, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சில மாதம் மாத்திரை எடுக்கலாம் என்றார். எடுத்தேன்.

அப்புறம் அவர் அனுப்பிவைத்த உளவியல் ஆலோசகர் மேடம்தான் மழையைப் பற்றிக் கேட்டார். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, நீலகிரி மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்களே, அப்போது எனக்குப் பதிமூன்று வயது. எங்கள் லயத்துக்கு மேலிருந்த மேடு ராத்திரியில் இறங்கியது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இதெல்லாம் தொடங்கிய மாதம் வருஷக் கணக்கு முடிக்கும் வேலை, தினம் நான்கு மணி நேரத் தூக்கம், தகரக் கூரை மேல் விடாத மழை. தப்பி ஓட முடியாத நேரத்தில் மனசு ஃபியூஸைப் பிடுங்கிவிடுவது ஒரு தற்காப்பு என்றார் மேடம். என் ஃபியூஸ் லேசான மழைக்கே கழன்றுகொண்டிருந்தது.

அந்தக் கபாலபாதிக் கதையைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். மூச்சை வேகமாகத் தள்ளினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளை ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை லேசாகி எல்லாம் நிஜமில்லாததுபோல் தோன்றும். ஆரோக்கியமானவருக்கே அப்படியாம்! யோகாவை விட வேண்டாம், கண்ணைத் திறந்துகொண்டு செய்யுங்கள் என்றார்.

சரி, நான் செய்வது இவ்வளவுதான். காலையில் செருப்பில்லாமல் சிமென்ட் தரையில் நிற்பேன். கோத்தகிரியில் டிசம்பர் காலை ஆறு மணித் தரை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தாடாசனம் என்று பெயர், உண்மையில் பாதம் எங்கே கனக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. குதிகாலில் நின்று, விரலில் நின்று, நடுவில் வருவேன். பிறகு இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்து, சுவரை நகர்த்தப்போகிற மாதிரி தள்ளுவேன். என் கை என்னுடையது என்று முதன்முதலில் நம்பவைத்தது இந்தத் தள்ளல்தான், எந்த ஆசனமும் இல்லை. பூனை மாதிரி கையும் முட்டியும் ஊன்றும் மார்ஜாரி ஆசனத்திலும் உள்ளங்கையில் எடை விழும், அது பிடிக்கும். விருட்சாசனத்தில் எதிரில் இருக்கும் ஒரு சில்வர் ஓக் மரத்தை விடாமல் பார்த்தால்தான் ஒற்றைக் காலில் நிற்க முடியும், பார்வை கலைந்தால் உடம்பு சாயும். முதல் வாரம் நான்கு தடவை பீரோ மேல் விழுந்தேன். மூச்சை எண்ணுவது எனக்கு ஒத்துவரவில்லை, எண்ண எண்ண மூச்சும் அந்நியமாகிவிடும். அதனால் பிராமரி. காதையும் பொத்தாமல், கண்ணையும் மூடாமல், உதடு அதிரும்வரை வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். மூச்சு தானாகவே நீண்டுவிடுகிறது.

பார்ப்பது ஐந்து, தொடுவது நான்கு, கேட்பது மூன்று, முகர்வது இரண்டு, ருசிப்பது ஒன்று என்று, மனசை நிற்கிற இடத்துக்கே திருப்பிக் கொண்டுவரும் ஒரு கிரவுண்டிங் முறையும் மேடம் சொல்லிக்கொடுத்தார். நல்ல முறைதான், சமவெளிக்கு. ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் மிஸ்ட், மலைப் பனிமூட்டம், இறங்கிவிட்டது. சுற்றிலும் வெள்ளை. எந்த ஐந்தைப் பார்க்க? உலகம் நிஜமில்லை என்று பயப்படுகிறவளுக்கு அந்த நேரம் உலகமே இல்லை. அங்கேயே நின்று அந்த வரிசையைத் தலைகீழாக ஆரம்பித்தேன். தைல பாட்டிலைத் திறந்து ஒரு முகர்வு, கண்ணில் தண்ணீரே வந்தது. கயிற்றின் மூன்று முடிச்சையும் ஒவ்வொன்றாக உருட்டினேன். கீழே வளைவில் ஜீப் ஒன்று ஹாரன் அடித்தது. அப்புறம்தான் பார்க்க ஒன்று கிடைத்தது, அந்த ஜீப்பின் மஞ்சள் வெளிச்சம். இப்போது மிஸ்ட் நாளில் மூக்கிலிருந்துதான் தொடங்குவேன்.

அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கத் தெரியவில்லை. கையில் அழுத்தம் இருந்தால் சரியாகிறது என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து ரொட்டி மாவு என் பொறுப்பு. தாத்தா இலங்கையிலிருந்து கொண்டுவந்த தேங்காய் ரொட்டி, அதை நன்றாக அடித்துப் பிசைய வேண்டும். சாயங்காலம் நான் பேசாமல் இருந்தாலே மாவுச் சட்டி என் முன்னால் வந்துவிடும்.

முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. தினம் வந்தது, இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வருகிறது, சீக்கிரம் போகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் நிச்சயம் வரும். நடுராத்திரியில் ஒருமுறை ரொம்பத் தாங்காமல் 14416க்கு, அரசின் டெலிமானஸ் எண், போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள். யோகா மட்டும் செய்து மருத்துவரைத் தள்ளிப்போட்டிருந்தால் நான் இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தைரியமாகச் சவாசனம், அதே மல்லாந்து படுக்கும் ஆசனம், முயன்று பார்த்தேன். தொடை மேல் மடித்த கம்பளியைக் கனத்துக்கு வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்து, கூரைத் தகரத்தின் வரிகளைப் பார்த்தபடி. இரண்டு நிமிஷம் இருந்திருக்கும். தகரத்தில் முதல் தூறல் விழுந்தது. எழுந்துபோய்க் கொடியில் காய்ந்த துணியை எடுத்து வந்தேன்.