மணியடிச்சான் பாறையும் ஞானப்பூ அம்மாளும்

கிறிஸ்துமஸ் குடிலை என்றைக்குப் பிரிப்பது என்று எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒரு வழக்கு நடக்கும். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பிரித்துவிடலாம் என்பது என் கட்சி. ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதைச் சுற்றிப் பெருக்க நான்தானே குனிய வேண்டும்? ஆண்டவருடைய திருமுழுக்கு ஞாயிறு வரை யாரும் கைவைக்கக் கூடாது என்பது அத்தையின் கட்சி. ஜெயிப்பது எப்போதும் அத்தைதான். 2025-இல் அந்த ஞாயிறு ஜனவரி 12-ஆம் தேதி வந்தது. செவ்வாய் 14-ஆம் தேதி பொங்கல். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் புனித தேவசகாயம் உயிர்விட்டதும் ஒரு ஜனவரி 14-இல்தான். அதனால் அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரு கால் அடுக்களையிலும் ஒரு கால் கோவிலிலுமாக ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து குடிலைப் பிரித்தோம். ஆடு, மாடு, இடையர் எல்லோரையும் பழைய தினத்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். பழுப்புக் காகிதத்தைக் கசக்கிச் செய்த மலையை என் மகன் கையில் எடுத்துப் பார்த்து, “இது மலை மாதிரியே இல்லம்மா, சமோசா மாதிரி இருக்கு” என்றான். எட்டு வயது. சொன்னதில் தப்பில்லை. டின்னில் அடியில் கிடந்த கடைசி நாலு முந்திரிக்கொத்தையும் அன்றைக்குத்தான் தீர்த்தோம். மூன்று வாரம் ஆனாலும் முந்திரிக்கொத்து கெடாது, கடிக்கத்தான் நல்ல பல் வேண்டும். பெட்டி பரணுக்குப் போனது.

திங்கள் சாயங்காலம் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோவில். டிசம்பர் 3-ஆம் தேதி திருவிழா முடிந்துவிட்டால் அங்கே கூட்டம் வடிந்துவிடும், நின்று ஜெபிக்க இடம் கிடைக்கும். தேவசகாயத்தின் கல்லறை இந்தக் கோவிலுக்குள்தான் இருக்கிறது. அத்தை முழங்காலில் நிற்க முடியாமல், கையூன்றி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போன ஆவணியில் மூட்டுவலியால் பத்து நாள் எழ முடியாமல் கிடந்தபோது, “எழும்பி நடந்தா காற்றாடிமலைக்கு வாறேன்” என்று நேர்ந்திருந்தார். அந்த நேர்ச்சைக்குத்தான் இந்தப் பயணம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு தேவசகாயத்தின் கதை மனப்பாடம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் அரண்மனை ஊழியர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மகாராஜாவிடமே படைத்தலைவனாக இருந்த டச்சுப் படை அதிகாரி டிலனாயோடு அவருக்குப் பழக்கம். வீட்டில் அடிக்கடி நஷ்டம், மாடு சாவு, மனக்கவலை. அதைக் கேட்ட டிலனாய், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னாராம். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்துக்கொண்டார். 1749-இல் சிறை. எருமை மேல் பின்பக்கமாகத் திருப்பி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மூன்று வருஷ சித்திரவதைக்குப் பிறகு 1752 ஜனவரி 14-ஆம் தேதி ராத்திரி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ஆம் தேதி ரோமில் புனிதர் பட்டம். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர்தான். சாமியாரும் இல்லை, துறவியும் இல்லை, பெண்டாட்டியோடு குடித்தனம் நடத்திய மனுஷன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலரைக்கே அத்தை பானையை அடுப்பேற்றிவிட்டார். பானையில் சுண்ணாம்பால் ஒரு சிலுவை, கழுத்தில் மஞ்சள் கொத்து. பொங்கி வரும்போது ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம். என் வீட்டுக்காரர் இரவல் காரை எடுத்துவர அரைமணி நேரம் பிந்த, நான் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்த நடையில் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. மேலாகத் தோண்டித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பயம்.

தோவாளையில் இறங்கி பிச்சிப்பூ வாங்கினோம். பொங்கலன்றைக்குப் பூ விலையைக் கேட்கவே கூடாது, கேட்டால் வாங்க மனசு வராது. அத்தை கேட்காமலே இரண்டு முழம் வாங்கினார். ஆரல்வாய்மொழி நெருங்கும்போது கண்ணாடியை இறக்கினால் காற்று காதில் அடித்தது. எங்கள் ஊர்க் குளிர் மலைக்காரர்கள் கேட்டால் சிரிக்கிற குளிர்தான், ஆனால் மார்கழி முடிந்து தை பிறக்கும் காலையில் அந்தக் கணவாயில் நின்றால் கம்பளி தேடும். ஆடியில் பேய் பிடித்த மாதிரி சுற்றும் காற்றாலைகள் அன்றைக்கு ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

காற்றாடிமலையைத்தான் இப்போது தேவசகாயம் மவுண்ட் என்கிறார்கள். அங்கே வியாகுல அன்னை கோவிலைத் தாண்டி மேலே ஏறவேண்டும். மகள் அத்தையின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், நான் இன்னொரு கையை. நாலு படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறினோம். சுற்றிலும் தமிழும் மலையாளமுமாக ஜெபமாலைச் சத்தம். தேவசகாயத்தின் முழங்காலும் முழங்கையும் பதிந்த தடம் என்று காட்டுகிற பாறையைத் தொட்டுக் கும்பிட்டோம். வீரர்கள் சுட்டபோது துப்பாக்கி வெடிக்கவில்லை என்றும், அவரே அதை வாங்கி ஆசீர்வதித்துத் திருப்பிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். சின்ன வயதில் இந்த இடம் வந்தால் எனக்கு அழுகை வரும். இப்போது வேறொரு கேள்விதான் வருகிறது.

மணியடிச்சான் பாறைக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் வரிசை. அவர் குண்டடிபட்டுச் சாய்ந்தபோது மேலிருந்து விழுந்த பாறை என்பார்கள். கல்லால் தட்டினால் மற்றப் பாறை மாதிரி ‘டொக்’ என்று கேட்காது. ‘ணங்’ என்று வெண்கலச் சத்தம் வரும். தட்டித் தட்டி அங்கங்கே குழிந்து, வெளுத்திருக்கிறது. என் மகன் மூன்று தடவை தட்டினான், காதை வைத்துக் கேட்டான், நாலாவது தடவை தட்டினான். பின்னால் நின்ற ஒரு அம்மா, “போதும் மக்ளே, எங்களுக்கும் கொஞ்சம் சத்தம் மிச்சம் வை” என்றார்.

அத்தை பாறையோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அப்போதுதான் நான் என் கேள்வியைக் கேட்டேன். “அத்தே, இவரைப் பிடிச்சுட்டுப் போன மூணு வருஷமும் அந்த அம்மா என்ன செஞ்சிருப்பாங்க?”

எந்த அம்மா என்று அத்தை கேட்கவில்லை. “ஞானப்பூவா?” என்றார். கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். “வீட்டைப் பாத்திருப்பா. வேற என்ன செய்வா.”

நான் பிறந்த ஊர் வடக்கன்குளம். பார்கவி என்ற அந்தப் பெண் கணவனுக்குப் பின்னால் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனதும், அடக்கமானதும் எங்கள் ஊரில்தான். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்குப் போகும்போது எங்கள் ஆச்சி வீட்டுக் கணக்கைவிட ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக வாங்குவார். “அது ஞானப்பூ அம்மாளுக்கு. அவளுக்குப் பிடிமண் போட்ட சொந்தம் யாரிருக்கா?” என்பார். காற்றாடிமலையில் தேவசகாயத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. இந்த அம்மாளைப் பற்றி ஒரு வாக்கியத்துக்கு மேல் நான் கேட்டதில்லை.

“இறங்கினதும் வடக்கன்குளம் போவோம்” என்றார் அத்தை. இவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூட்டுவலிக்காரியை மலையேற்றியாயிற்று, இன்னும் எங்கே என்பது அவர் முகத்தில் இருந்தது. அத்தை அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

முப்பந்தல், காவல்கிணறு தாண்டி எங்கள் ஊர். திருக்குடும்பக் கோவிலைத் தூரத்தில் பார்த்ததும் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய கதையையும் சொன்னேன். 1872-இல் கட்டியபோது சாதிக்கொரு பக்கமாக, கால்சட்டையின் இரண்டு கால் மாதிரிப் பிரித்துக் கட்டிய கோவில் இது. நடுச்சுவரை இடித்தது 1910-இல். எல்லோரோடும் ஒன்றாகப் பழகினார் என்பதையே குற்றமாக்கி ஒருவரை வதைத்த வரலாறு உள்ள மண்ணில், அவர் ஞானஸ்நானம் வாங்கிய ஊரிலேயே அப்படி ஒரு சுவர்! ரோமில் புனிதர் பட்டம் கொடுக்கும்போது ‘பிள்ளை’யை விட்டுவிட்டு வெறும் தேவசகாயம் என்று எழுதினார்களே, அது எனக்கு அந்தப் பட்டத்தைவிடப் பெரிய சந்தோஷம். மகள், “சுவரை யார் இடிச்சா?” என்று கேட்டாள். அதற்குள் கல்லறைத் தோட்டம் வந்துவிட்டது.

அங்கே எங்களைத் தவிர யாருமில்லை. பொங்கலன்றைக்கு யார் கல்லறைக்கு வரப்போகிறார்கள்? அத்தை பைக்குள்ளிருந்து பூவை எடுத்தார். காலையில் இரண்டு முழம் வாங்கியதில் ஒரு முழம்தான் மலையில் கொடுத்திருந்தார். அப்படியானால் தோவாளையிலேயே மனசில் இருந்திருக்கிறது. கொஞ்சம் வாடியிருந்ததைத் தண்ணீர் தெளித்து வைத்தார். ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “அந்தத் தூக்குவாளியை எடு” என்றார். வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சமாக அடிப்பிடித்த பொங்கலைத் தின்றோம்.

“புகை வாசம் அடிக்குது ஆச்சி” என்றாள் மகள்.

“அடிக்கட்டும். உங்கம்மைக்கு இன்னைக்கு எத்தனை வேலை” என்றார் அத்தை.

நாகர்கோவில் திரும்பும் வழியில் பின்சீட்டிலிருந்து ‘டொக் டொக்’ என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் மகன் ஒரு கல்லை வைத்துக் கதவில் தட்டிக்கொண்டிருக்கிறான். மணியடிச்சான் பாறையைத் தட்ட வைத்திருந்த கல்லை டவுசர் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். “கோவில் கல்லை எடுக்கலாமால?” என்று இவர் காரை ஓரங்கட்டப் போனார். அடுத்த வருஷம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நான் சமாதானம் சொன்னேன்.

“அதுவரைக்கும் எங்க வைக்க?” என்றான் அவன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஸ்டூல் போட்டு ஏறி, ரெண்டு நாளைக்கு முன்னால் பரணில் ஏற்றிய குடில் பெட்டியைத் திரும்ப இறக்கினார். அத்தை கல்லைக் கழுவித் துடைத்து, தினத்தாளில் சுற்றி, இடையர்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.