அஞ்சு பக்க வெப்சைட்டுக்கு மூன்று முறை அஸ்திவாரம்

எங்கள் ஸ்டார்ட்அப்பின் சைட் மொத்தமே ஐந்து பக்கம், கூடவே ஒரு பிளாக். அதை மூன்று முறை கட்டி, இரண்டு முறை இடித்து, நடுவில் ஒன்றரை நாள் கம்பெனி மெயிலையும் தொலைத்தேன். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் சைட்டை என் பார்ட்னர் எழுதினார். புராடக்டை ரியாக்ட் என்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் எழுதுகிறவர், இதையும் அதிலேயே எழுதிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு வாடிக்கையாளருக்கு லிங்க் அனுப்பினேன். படமும் இல்லை, விளக்கமும் இல்லை, எந்தப் பக்கத்தை அனுப்பினாலும் அதே தலைப்பு. சர்வரிலிருந்து வந்தது காலி எச்டிஎம்எல். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் அதில் எழுத்தே வரும். லிங்க்குக்கு முன்னோட்டம் எடுக்கிற பாட் (தானியங்கி நிரல்) அதுவரை காத்திருக்காது. "சர்வர் ரெண்டரிங் போட்டு, பக்கத்தைச் சர்வரிலேயே தயாரித்து அனுப்பினால் சரியாகிவிடும்" என்றார் பார்ட்னர். உண்மைதான். ஆனால் பெரிய தொல்லை வேறு: விலைப் பக்கத்தில் ஒரு வரியை மாற்றவும் மார்க்கெட்டிங் பார்ப்பவர் இவரிடம்தான் வந்து நிற்க வேண்டும். "சாயங்காலம் பார்க்கிறேன்" என்றார் ஒருநாள். அந்தச் சாயங்காலம் ஒன்பது நாள் கழித்து வந்தது. சலுகையே முடிந்துபோயிருந்தது.

வெறுத்துப்போய், இழுத்து வைத்துக் கட்டுகிற பில்டர் ஒன்றுக்கு மாறினோம். இரண்டு நாளில் சைட் தயார். டொமைனும் (சைட்டின் முகவரிப் பெயர்) இலவசம் என்றார்கள், அங்கேயே வாங்கிக்கொண்டேன். முட்டாள்தனம் அங்கேதான் தொடங்கியது.

சில மாதத்தில் போனில் சைட் திறக்கவே மூச்சு வாங்கியது. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். எங்களுடையது ஆறைத் தாண்டியது. படங்களைச் சுருக்கினேன், ஃபாண்ட்டைக் குறைத்தேன். மிச்சமிருந்த எடையெல்லாம் பில்டரே ஏற்றுகிற ஸ்கிரிப்ட். அதில் நாம் கை வைக்க முடியாது. சரி, கிளம்பலாம் என்றால் எக்ஸ்போர்ட் வசதியே கிடையாது. சப்போர்ட் சாட்டில் நான் எப்படிக் கேட்டாலும் ஒரே உதவிப் பக்கத்தின் லிங்க்கைத்தான் ஒட்டினார்கள். நான்காவது முறை, "இதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன்" என்று எழுதினேன். அதற்கும் அதே லிங்க்! கடைசியில் பிளாக்கின் ஆர்எஸ்எஸ் ஃபீடை (புதிய பதிவுகளை மற்ற செயலிகள் எடுத்துக்கொள்வதற்கான பட்டியல்) திறந்து பார்த்தால் கடைசி இருபது பதிவுகள் முழுசாக இருந்தன. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. மீதிப் பதினொன்றைக் கையால் பெயர்த்தேன்.

அடுத்து டொமைன். எங்கள் டாட் காமை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) மாற்றுவதற்கு முன் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டுமே என்று உரிமையாளர் பெயரையும் மெயில் முகவரியையும் திருத்தினேன். அப்படித் திருத்தினால் 60 நாள் டிரான்ஸ்ஃபர் பூட்டு விழும் என்று யார் கண்டது? திருத்தும் திரையிலேயே பூட்டு வேண்டாம் என்று ஒரு டிக் பெட்டி இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. நீங்கள் முதலில் மாற்றுங்கள், பெயரைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

டிரான்ஸ்ஃபர் இல்லாவிட்டால் என்ன, டொமைனின் விவரங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் நேம்சர்வரையாவது மாற்றிவிடுவோம் என்று மாற்றினேன். புதிதாகக் கட்டிய சைட் வந்துவிட்டது. மறுநாள் ஒரு ஓடிபி மெயிலில் வரவில்லை. இன்னொன்றும் வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது, காலையிலிருந்து யாருடைய மெயிலுமே வரவில்லை. பழைய டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரப் பதிவேடு) இருந்த, மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்கிற எம்எக்ஸ் ரெக்கார்டைப் புதியதில் நான் போடவே இல்லை. பதற்றத்தில் நேம்சர்வரைத் திருப்பி வைக்கப் போனேன். பார்ட்னர் கையைப் பிடித்துத் தடுத்தார். டாட் காமில் நேம்சர்வர் விவரத்தை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் காலம் (டிடிஎல்) 1,72,800 விநாடி, முழுசாக இரண்டு நாள். திருப்பினால் பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது என்று இன்னும் குழம்பும். புதிய இடத்திலேயே எம்எக்ஸைச் சேர்த்தோம். மெயில் அனுப்பும் சர்வர்கள் உடனே கைவிடாமல் திரும்பத் திரும்ப முயலும் என்பதால் பெரும்பாலானவை தாமதமாக வந்து சேர்ந்தன. மெயில் எங்களுடையதுதான் என்று காட்டுகிற எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் மறந்ததால் நாங்கள் அனுப்பியவை ஒரு வாரம் ஸ்பாமில் கிடந்தது தனிக்கதை. நேம்சர்வரைத் தொடுமுன் பழைய டிஎன்எஸ் பக்கத்தை முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

அந்த மூன்றாவது சைட்டுக்கு முதலில் வேர்ட்பிரஸ் என்கிற சைட் கட்டும் மென்பொருளையும் யோசித்திருந்தோம். 2003 முதல் இருப்பது, தெரிந்த ஆட்கள் எளிதாகக் கிடைப்பார்கள். ஆனால் ப்ளக்இன் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) அப்டேட்டைத் தொடர்ந்து கவனிக்க ஒருவர் வேண்டும். எங்களில் யாரும் அதற்குக் கை தூக்கவில்லை. ஆஸ்ட்ரோ என்கிற கருவியில், முன்கூட்டியே தயாரித்து வைக்கிற ஸ்டாட்டிக் பக்கங்களாகக் கட்டினோம். எழுத்தெல்லாம் மார்க்டவுன் என்கிற எளிய உரை ஃபைல்களில், அவற்றைத் திருத்த மேலே ஒரு எளிய எடிட்டர் திரை. ஐந்து நாள் வேலை. பழைய முகவரிகளுக்கு வருபவர்களைப் புதியதற்கு அனுப்ப 301 போட்டேன். தேடலில் காட்ட வேண்டாம் என்று சோதனைக்கு வைத்த நோஇண்டெக்ஸை மட்டும் எடுக்க மறந்து, பத்து நாள் கூகுளில் ஏன் வரவில்லை என்று தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தின் கோடைக் காட்டும் வியூ சோர்ஸில் முதல் இருபது வரிக்குள்ளேயே இருந்தது.

போன வாரம் ராத்திரி பதினொன்றுக்கு விலைப் பக்கத்தில் ஒரு வரி மாறியிருந்தது. மார்க்கெட்டிங் பார்ப்பவர் யாரிடமும் கேட்காமல் தானே மாற்றியிருக்கிறார். ஒரு எழுத்துப் பிழை இருந்தது. நான் சொல்வதற்குள் அதையும் அவரே திருத்திவிட்டார்.