அம்மாவோடு ரயில் மாற ராஃபிள்ஸ் பிளேஸ்

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்ததிலிருந்து, சிங்கப்பூரின் கிழக்கே பிடோக்கிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து வடக்கே ஈசூனிலுள்ள கூ டெக் புவாட் மருத்துவமனைக்கு எம்ஆர்டி எனப்படும் பெருவிரைவு ரயிலில்தான் போய்வருகிறோம். டாக்சி பிடிக்கலாமே என்பார் அக்கா. அம்மாவுக்கு ரயில்தான் பிடிக்கும். கைத்தடி ஊன்றி நிதானமாக நடப்பார். கிழக்கு-மேற்காக ஓடும் பச்சைத் தடத்திலிருந்து வடக்கு-தெற்காக ஓடும் சிவப்புத் தடத்துக்கு எங்கே மாறுவது என்பதுதான் எனக்கிருந்த கவலை.

பிடோக்கில், மேற்கே துவாஸ் லிங்க் வரை போகும் பச்சை ரயிலில் ஏறினால் ராஃபிள்ஸ் பிளேசுக்கு முன்பே நகர மண்டபம் (City Hall) நிலையம் வரும். சிவப்புத் தடமும் அங்கே இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்து வருகிறவர்கள் அங்கேயே இறங்கிவிடுவார்கள். ஆனால் வடக்கே போகும் ரயில் அங்கே வேறு தளத்தில் நிற்கும். காலை எட்டு மணிக் கூட்டத்தில், வலப்பக்கம் ஆட்கள் விரைந்துகொண்டிருக்கும் மின்படிக்கட்டில் கைத்தடியோடு ஒருவரை ஏற்றுவது லேசில்லை. மின்தூக்கிக்குப் போனால் அங்கே தள்ளுவண்டிகளும் சக்கர நாற்காலிகளும் காத்திருக்கும்.

நிலைய ஊழியர் ஒருவர்தான் சொன்னார்: "ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போங்கம்மா, ராஃபிள்ஸ் பிளேசில் படி ஏற வேண்டாம்." அப்படியே செய்தோம். பச்சை ரயிலில் இருந்து இறங்கி, அதே மேடையில் எதிர்ப்பக்கம் நடந்தால் சிவப்பு ரயில். அவ்வளவுதான்.

இந்த இரண்டு நிலையங்களும் 1987 டிசம்பர் 12 அன்று திறந்தவை. இரண்டிலும் மேடைகள் மேலும் கீழுமாக இரண்டு தளங்களில் இருக்கின்றன. எந்த ரயிலுக்கு எதிரே எந்த ரயில் என்பதுதான் நிலையத்துக்கு நிலையம் வேறுபடுகிறது. கிழக்கிலிருந்து வடக்கே போகவும், வடக்கிலிருந்து கிழக்கே வரவும் ராஃபிள்ஸ் பிளேஸ். மேற்கிலிருந்து வடக்கே போகவும், வடக்கிலிருந்து மேற்கே போகவும் நகர மண்டபம். ஆகவே வடக்கே அங் மோ கியோவிலிருந்து கிழக்கே தெம்பனிசுக்குப் போகிறவர் ராஃபிள்ஸ் பிளேசிலும், மேற்கே தியோங் பாருவுக்குப் போகிறவர் நகர மண்டபத்திலும் மாறினால் போதும், தளம் மாற வேண்டியதில்லை. இவ்வளவு யோசித்துக் கட்டியவர்களை நான் மனதார வாழ்த்துகிறேன். முழங்கால் வலிக்கிற ஒருவரைக் கூட்டிப் போகும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

ஒரு நிலையம் முன்னே போய், மறுபடி நகர மண்டபம் வழியாகவே திரும்ப வேண்டுமே என்று அம்மா கேட்டார். சில நிமிடங்கள்தான் கூடும். இன்னொரு லாபமும் உண்டு. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் ராஃபிள்ஸ் பிளேசில் இறங்குகிறவர்கள். அங்கிருந்து வடக்கே போகிற ரயிலில் கூட்டம் குறைவு. நகர மண்டபத்துக்கு முன்பே ஏறிவிடுவதால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்துவிடுகிறது.

பெயர்ப் பலகையில் மட்டும் கவனம் வேண்டும். ஈசூனுக்குப் போகிற சிவப்பு ரயிலில் 'ஜூரோங் கிழக்கு' என்று போட்டிருக்கும், ஏனென்றால் அந்தத் தடம் உட்லண்ட்ஸ் வழியாகச் சுற்றி அங்கே போய் முடிகிறது. நாங்கள் ஏறி வந்த பச்சை ரயிலும் ஜூரோங் கிழக்கு வழியாகத்தான் போகிறது! புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவது இங்கேதான். கடைசி நிலையத்தின் பெயரை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள்.

அப்புறம், ரயிலிலிருந்து இறங்கியதும் உடனே எதிர்ப்பக்கம் போக வேண்டாம். கூட்டம் கடக்கும்வரை தூண் ஓரமாக நின்றுவிடுங்கள். கதவு மூடும் ஒலி கேட்டால் ஓட வேண்டாம், உச்ச நேரத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும்.

திரும்பும்போதும் ராஃபிள்ஸ் பிளேஸ்தான். ஆனால் மாலை ஐந்தரைக்கு மேல் கிழக்கே போகும் ரயில்கள் நிரம்பி வழியும், அதனால் மருத்துவர் சந்திப்பைக் காலையிலேயே கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.