டிசம்பர் ஈரத்தில் ஸ்ட்ரூஃபொலி

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் ஸ்ட்ரூஃபொலி. சீடை மாதிரி சின்ன உருண்டைகளைப் பொரித்து, தேனில் புரட்டி, வளையமாக அடுக்குவார்கள். ஓவன் வேண்டாம், வாணலி போதும். சென்னையில் செய்யும்போது கவனம் முழுக்கத் தேனில் இருக்கட்டும்.

மைதா 400 கிராம், முட்டை 3, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு, உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம், சர்க்கரை 40 கிராம், சிட்டிகை உப்பு, இரண்டு எலுமிச்சையின் தோல் துருவல். வெள்ளைப் பகுதி வரை துருவினால் கசக்கும். அங்கே சோம்பு மணமுள்ள மது கொஞ்சம் ஊற்றுவார்கள். அதற்குப் பதில் ஆரஞ்சுச் சாறு 2 மேசைக்கரண்டி, சோம்புப் பொடி கால் டீஸ்பூன் சேருங்கள். மணம் கிட்டத்தட்ட அதேதான். சமையல் சோடா வேண்டாம், எண்ணெய் குடிக்கும்.

சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். சுண்டுவிரல் கனத்துக்குக் கயிறாக உருட்டி, கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்குங்கள். எண்ணெயில் உப்பிப் பெரிதாகும். இதைவிடப் பெரிதாக நறுக்கினால் வெளியே சிவந்தும் உள்ளே மாவாகவே நிற்கும்.

பொரிக்கும் முன் சல்லடையில் போட்டுக் குலுக்குங்கள். ஒட்டியிருக்கும் மாவு எண்ணெயில் கருகி, அடுத்தடுத்த ஈடுகளையும் கசக்க வைக்கும். எண்ணெய் 170 டிகிரி. ஒரு உருண்டை போட்டால் அடியில் போய் உடனே மேலே வர வேண்டும். ஒரு ஈட்டுக்கு ஒரு கைப்பிடிதான். முட்டை இருப்பதால் நுரை பொங்கும், வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். பொன்னிறம் வந்ததும் ஜல்லிக்கரண்டியில் அள்ளிவிடுங்கள்.

இனி தேன். 250 கிராம் தேன், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, சிறுதீ. சர்க்கரை கரைந்து தேன் நீர்த்து ஓடினால் போதும், அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதிக்கவிட்டால் நீர் வற்றி, ஆறியதும் பொரிவிளங்காய் உருண்டையாகக் கல்லாகிவிடும். உருண்டைகளைக் கொட்டிப் புரட்டி, பத்து நிமிடம் ஆறவிட்டு, எண்ணெய் தடவிய டம்ளரைத் தட்டின் நடுவில் வைத்துச் சுற்றி அடுக்குங்கள். சூட்டோடு அடுக்கினால் சரியும். தேன் இறுகியதும் டம்ளரை உருவுங்கள்.

மேலே வண்ண மிட்டாய்ப் பொடியும், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோலும். நேப்பிள்ஸில் பூசணி மிட்டாயும் போடுவார்கள். நம் ஊரில் கிடைக்கும் ஆக்ரா பேத்தாவைப் பொடியாக நறுக்கிப் போட்டால் அருமையாகப் பொருந்தும்.

தேன் காற்றின் ஈரத்தை இழுக்கும். மழை நாளில் திறந்து வைத்தால் மறுநாளே பிசுபிசுத்து வளையம் உட்காரும். அதனால் 22-ஆம் தேதி பொரித்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, 24 மாலை தேனில் புரட்டுங்கள். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், பல்லில் ஒட்டும்.